எரியாத பொத்தான்கள்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பாள் என் வீட்டுக்காரி. எது எப்படியோ, இன்று கொல்லிமலையில் எந்த ஊரில் விசேஷம் என்றாலும் ஸ்பீக்கர் என்னுடையது, சீரியல் லைட் செட் என்னுடையது, ஜெனரேட்டரும் என்னுடையது. சேந்தமங்கலத்தில் கடை. மேலே பெரக்கரை நாட்டில் வீடு, வீட்டை ஒட்டி மிளகு காயப்போடும் களம், களத்து ஓரத்தில் மாடி அறை. எல்லாம் இந்தக் கையால் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் நான் செய்த காரியத்தைப் படித்துவிட்டு, யாரோ விவரம் கெட்டவன் செய்தது என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. விவரம் தெரிந்த ஆள்தான் அதைச் செய்தேன்.

அந்த மாடி அறையில் ஒரு வருஷம்போல ஓர் அம்மா குடியிருந்தார். நாற்பதைத் தொட்ட வயது. பேர் ஏதோ இருந்தது, ஊரில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பொட்டிக்காரம்மா என்றால்தான் தெரியும்.

அவர் வந்த பஸ்ஸில் நானும் இருந்தேன். முன்சீட்டில், துண்டு சுற்றிய மூன்று பெட்டிகளை மடியில் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் மேலே வைக்கச் சொன்னான். அவர் கேட்கவில்லை. பாதி வளைவு ஏறியிருப்போம், முகம் வெளுத்துப் போய்விட்டது. உதவி செய்வதில் நான் எப்போதும் முந்திக்கொள்கிறவன். "டிரைவர், சித்த நிறுத்துங்க, அம்மணிக்கு ஆகல" என்று குரல் கொடுத்தேன்.

"வேண்டாங்க, நிறுத்தாதீங்க" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டே. "இந்த வளைவு இப்படித் திருப்புச்சுன்னா அடுத்தது அப்படித் திருப்புமில்லீங்க. சுத்தி வரட்டும், சரியாப் போயிரும்."

டிரைவர் சிரித்தான். ஆனால் மேலே போய்ச் சேரும்போது அந்த அம்மா தெளிவாக ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்த நான்தான் கடைசி வளைவில் தலையை வெளியே நீட்டினேன். அன்று காலை தின்ற புரோட்டா சரியில்லை.

சுத்தி வரட்டும். அவர் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை இதுதான். ஓடுவதை நிறுத்தக் கூடாது, தப்பு விழுந்தால் விழட்டும், அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம். பாட்டுக்கு மட்டும் இல்லை, குழம்புக்கும் அதே சட்டம். ஒருமுறை தட்டைப்பயிற்றுக் குழம்பில் உப்பைக் கொட்டிவிட்டார். தூக்கி ஊற்றாமல் தண்ணீர் விட்டார். சப்பென்று ஆனது, புளி விட்டார். மறுநாள் கத்தரிக்காய் போட்டார். அதற்கு மறுநாள் அது குழம்பா ரசமா என்று சொல்ல முடியாத ஒரு பதத்தில் இருந்தது, ஆனால் ருசியாக இருந்தது.

"ஏங்கண்ணு, கொட்டிப்போட்டுப் புதுசா வெச்சா என்ன?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

"ஓடிட்டு இருக்கறத எதுக்குங்கம்மா நிறுத்தறது?"

"நல்ல பொம்பள போ. கொழம்பக்கூட நிறுத்தாது" என்று கீழே வந்து என்னிடம் சொன்னாள்.

பெட்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது, கீபோர்டு மாதிரிக் கட்டைகளும் கிடையாது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வரிசைப் பொத்தான், மேலே திருகுகள். ஒரு வெளிச்சம் இடப்பக்கம் கிளம்பி ஒவ்வொரு பொத்தானாக ஓடி, கடைசிக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து ஓடும். அமுக்கினால் பொத்தான் எரியும். ஓடுகிற வெளிச்சம் எரிகிற பொத்தானைத் தொடும்போது சத்தம் வரும். ஒரு பெட்டி கொட்டுக்கு, ஒன்று அடித்தொண்டைச் சத்தத்துக்கு, ஒன்று சலங்கை மணி மாதிரிச் சின்னச் சத்தங்களுக்கு. மூன்றையும் ஒயரால் கோத்து ஒன்றாக ஓடவிட்டு, ஓடும்போதே பொத்தானைப் போட்டும் எடுத்தும் பாட்டைக் கட்டுவார். சீக்வென்சர் என்று சொன்னார். அதற்கு அவரே ஒரு விளக்கமும் சொன்னார். எனக்கு விளங்கிவிட்டது என்றேன். விளங்கவில்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை.

ஆனால் அன்று ஒன்று சொன்னேன், அது சத்தியமாகச் சரி. "அம்மணி, இது நம்ம உருளையாச்சே" என்றேன்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் சீரியல் லைட்டை ஓடவிடுவதற்கு இன்றைக்குப்போல ரெடிமேட் போர்டு இல்லை. மரத்தில் உருளை கடைந்து, செம்புத் தகட்டை வெட்டி அங்கங்கே ஒட்டி, சின்ன மோட்டாரில் சுற்றவிடுவோம். தகடு ஒயரில் படும்போது அந்த வரிசை எரியும், தகடு இல்லாத இடம் வந்தால் அணையும். அம்மன் கையில் சக்கரம் சுற்றுவதும் மயில் தோகை விரிப்பதும் இந்த உருளையால்தான். இதைச் சொன்னதும் அந்த அம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"அதேதானுங்க ஐயா. அது லைட்டு, இது சத்தம். நீங்க எனக்கு முன்னாடியே வாசிச்சிருக்கீங்க."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் எத்தனை பேரிடம் என்ன பேசினேன் என்பதை வீட்டுக்காரியைக் கேட்டால் சொல்லுவாள். டீக்கடையில் கொல்லிமலையின் முதல் எலக்ட்ரானிக் வித்வான் நான்தான்.

ஒரு விஷயத்தை மட்டும் நான் கவனிக்கவில்லை, வீட்டுக்காரி கவனித்தாள். ஓடுவதை நிறுத்தக் கூடாது என்று ஊருக்கே சொல்லும் அந்த அம்மா, மாடிப்படியில் யாராவது ஏறுகிற சத்தம் கேட்டால் உடனே பெட்டியை நிறுத்திவிடுவார். கதவைத் திறந்தால் கைகட்டி உட்கார்ந்திருப்பார். எனக்குக் கொடுக்கும் மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மருவாதியும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அதுக்குப் பயம்" என்றாள் வீட்டுக்காரி. அவளிடம் ஒருநாள் பலாக்கொட்டை உரித்துக்கொண்டே எல்லாம் சொல்லியிருக்கிறார். ஏதோ பெரிய ஊரில் மேடையில் வாசிக்கும்போது ஒரு தப்பு விழுந்திருக்கிறது. பதறிப்போய் நிறுத்திவிட்டு, சரிசெய்து முதலிலிருந்து ஆரம்பித்தாராம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பாவம் என்று கைகூடத் தட்டினார்களாம். அந்தக் கைதட்டல்தான் அவருக்கு ஆகாமல் போய்விட்டது. அதிலிருந்து நாலு பேர் முன்னால் உட்கார்ந்தால் விரல் தானாக நிறுத்துகிற பொத்தானுக்குப் போய்விடுகிறது. கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் வரவில்லை என்று சொல்லிவிட்டு, வேலையை விட்டுவிட்டு, ஆள் தெரியாத இந்த மலைக்கு வந்ததே விரலைப் பழக்கத்தான்.

இதைக் கேட்டதும் எனக்கு யோசனை உதித்தது. எனக்கு யோசனை உதித்தால் வீட்டுக்காரி விபூதி எடுத்துப் பூசிக்கொள்ளுவாள்.

மாசி மாசம் என் மகன்வழிப் பேத்திக்குக் காதுகுத்து. களத்தில் பாதியில் பந்தல், மீதிப் பாதியில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மருமகளின் அப்பா ராசிபுரத்துக்காரர், ஆபீஸில் இருந்து ரிட்டையர் ஆனவர், எதைப் பார்த்தாலும் ஒரு சந்தேகம் கேட்பார். அவருக்கு முன்னால் எல்லாரையும்போல சினிமாப் பாட்டைப் போட்டு உட்கார எனக்கு மனசில்லை. பொட்டிக்காரம்மாவிடம் கேட்டேன். முடியாது என்றார். மறுநாள் வீட்டுக்காரி கேட்டாள். சரி என்றார்.

"ஆனா ஒண்ணுங்கம்மா. இங்கயும் நிறுத்திட்டேன்னா மூணு பொட்டியையும் வித்துப்போட்டுப் பழைய வேலைக்கே போயிருவேன். இனி இதத் தொட மாட்டேன்."

"உன்ற கையி, உன்ற பொட்டி. நாங்க என்ன கண்ணு சொல்றது" என்றாள் இவள். ஆனால் அன்று ராத்திரி என்னிடம், "நீங்க அது பக்கமே போகக் கூடாது, கேட்டுக்குங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

காது குத்தியாயிற்று, கிடா விருந்தும் ஆயிற்று. வெற்றிலை போட்டுக்கொண்டு ஜனம் பந்தலில் வந்து உட்கார்ந்தது. பட்டப்பகலிலும் சீரியல் செட்டை எரியவிட்டிருந்தேன், பந்தல் முழுக்க ஒரு பல்புகூட அவிந்து நிற்கவில்லை. என் தொழிலில் எரியாத பல்பு என்றால் மானக்கேடு. பெரிய பாஸ் பெட்டிகள் இரண்டையும் மேடைக்கு இருபுறமும் வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்து நான் பேசியது கொஞ்சம் நீளமாகிவிட்டது என்று சொன்னார்கள்.

அந்த அம்மா மேடைக்கு வந்தார். காலிப் பெட்டியோடுதான் ஆரம்பிப்பார், முன்கூட்டியே எதையும் போட்டு வைப்பதில்லை. வெளிச்சம் ஓடுகிறது, சத்தம் இல்லை. சம்மந்தி என் பக்கம் சாய்ந்தார்.

"ஏனுங்க சம்மந்தி, செட்டு ரிப்பேருங்களா?"

"பாருங்க, வரும்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

வந்தது. தும், தும், தும் என்று நிதானமாகக் கொட்டு. அதன்மேல் அடித்தொண்டைச் சத்தம் ஒன்று. பிறகு மணிச் சத்தம், ஒன்று ஒன்றாக. பெண்கள் பேச்சை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரின் கால்விரல் ஆடியது. அந்த அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. கழுத்தில் வியர்வை ஓடியது, ஆனால் கை ஓடிக்கொண்டிருந்தது.

நான் மேடைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். செட்டுக்காரன் வேறு எங்கே நிற்பது? அப்போது சம்மந்தியும் வந்து நின்றார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொட்டுப் பெட்டியைப் பார்த்தார்.

"பாதி லைட்டு எரியலையாட்ட இருக்குதுங்க" என்றார்.

பார்த்தேன். பாதிகூட இல்லை. நாலு பொத்தான் எரிகிறது, மற்றதெல்லாம் அவிந்து கிடக்கிறது. என் பந்தலில், என் சம்மந்தி கண் முன்னால். அந்த அம்மா மணிப் பெட்டிப் பக்கம் திரும்பியிருந்தார், பாவம், கவனிக்க நேரமில்லை என்று நினைத்தேன். சீரியல் பல்பு எரியாவிட்டால் ஹோல்டரோடு கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவோம், காண்டாக்ட் பிடித்து எரிந்துவிடும். என் கை யாரையும் கேட்காமல் போனது. ஒன்றை அமுக்கினேன். எரிந்தது. எனக்குச் சந்தோஷம். மளமளவென்று அவிந்து கிடந்ததை எல்லாம் அமுக்கிவிட்டேன். எல்லாம் எரிந்தன.

"காண்டாக்ட்டுதானுங்க" என்று சம்மந்தியிடம் சொல்லி முடிக்கவில்லை.

வெளிச்சம் சுற்றி வந்தது. தும் தும் தும் தும் என்று இடைவெளியே இல்லாமல், மலைப்பாதையில் பாறை உடைக்கிற மெஷின்போல அடிக்க ஆரம்பித்தது. என் பாஸ் பெட்டியின் தரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சு அதிர்ந்தது. காது குத்திய வலியை மறந்து தூங்கிப்போயிருந்த பேத்தி வீரிட்டாள். கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. சம்மந்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்த அம்மா திரும்பினார். எரிகிற வரிசையைப் பார்த்தார். என் கட்டைவிரலைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. வலது கை மெல்ல நகர்ந்து, ஓரத்தில் இருந்த நிறுத்துகிற பொத்தானின் மேல் விரல் போய் உட்கார்ந்தது. அமுக்கவில்லை. அமுக்கப் போகிறார்.

அப்போது பந்திப் பக்கத்திலிருந்து ஒரு குரல். கையில் பாயசக் கரண்டியோடு என் வீட்டுக்காரி நின்றாள். ஸ்பீக்கரையும் மீறி ஒரு சத்தம் போட்டாள்.

"ஓடட்டும் கண்ணு. சுத்தி வரட்டும். இவர நான் பாத்துக்கறேன்."

அந்த விரல் அங்கேயே இருந்தது. வெளிச்சம் ஒரு சுற்றுப் போனது. இன்னொரு சுற்றும் போனது. பிறகு விரல் அதை விட்டு எழுந்து மேலே இருந்த ஒரு திருகுக்குப் போனது.

திருகத் திருக அந்த இடி சிறுத்தது. தும் என்றது தட் என்று ஆனது, தட் என்றது டிக் என்று ஆனது. இன்னொரு திருகைத் தொட்டார், ஒவ்வோர் அடியும் கொஞ்சம் கூடவும் குறையவுமாக விழுந்தது. நான் போட்டதில் ஒன்றையும் எடுக்கவில்லை. அடித்தொண்டைச் சத்தத்தை மட்டும் தூரத்தில் உறுமவிட்டார். தகரக் கூரையில் சடசடவென்று, முதலில் தூரத்தில், பிறகு பக்கத்தில், பிறகு தலைக்கு மேலே.

எங்கள் மலையில் மழையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் காதால் கேட்டுவிடுவோம். அடுத்த மேட்டில் இரையும், எழுந்தோமென்றால் மிளகை அள்ளலாம், யோசித்தோமென்றால் போச்சு.

"ஏய், மொளகு" என்று ஒரு குரல் கேட்டது.

மொத்தப் பந்தலும் எழுந்தது. துண்டை வீசிவிட்டு ஆண்களும், முந்தானையைச் செருகிக்கொண்டு பெண்களும் களத்தின் அந்தப் பாதிக்கு ஓடினார்கள். சாக்கு, முறம், கூடை, பந்தியில் மிச்சமிருந்த பாத்திரம், எது கையில் கிடைத்ததோ அதில் வாரினார்கள். பட்டுவேட்டி சம்மந்தி தலையில் ஜமுக்காளத்தைப் போட்டுக்கொண்டு ஓடினார். அத்தனை பேருக்கும் முன்னால் ஓடியது யார் என்று கேட்பீர்கள். நான்தான். என் ஸ்பீக்கர், என் ஒயர், என் ஜெனரேட்டர், அதிலிருந்து வருகிற சத்தம் என்று தெரிந்தும் ஓடினேன். பாதிக் களம் அள்ளிய பிறகுதான் ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். மாசி மாச வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"வெயிலு காயுது, மழ பெய்யுது, எந்த ஊரு அக்குறும்புடி இது" என்று அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். பந்தலில் காலி நாற்காலிகள். அவற்றுக்கு முன்னால் அந்த அம்மா மட்டும், எங்களைப் பார்த்துக்கொண்டே மழையைப் பெய்யவைத்துக்கொண்டிருந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அத்தனை தூரத்திலிருந்து தெரியவில்லை. கை நிற்கவில்லை.

ஒருத்தர் சிரிக்க, களமே சிரித்தது. மிளகுச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் அவர் ஒரு சுற்றுக்கு ஒன்றாகப் பொத்தானை அணைத்தார். மழை குறைந்தது, சொட்டியது, கூரை ஓரத்தில் கடைசியாக ஒரே ஒரு சொட்டு விழுந்து விழுந்து நின்றது. வெளிச்சம் மட்டும் சத்தமில்லாமல் ஒரு முழுச் சுற்று ஓடியது. அதற்குப் பிறகுதான் அந்த விரல் நிறுத்துகிற பொத்தானை அமுக்கியது.

கைதட்டினார்களா என்று கேட்டால், கையில் மிளகு இருந்ததால் பாதிப் பேர்தான் தட்டினார்கள்.

சாயங்காலம் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தேன். திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஐயா, உருளையில நீங்க தகடு ஒட்டாம எடம் விடுவீங்கள்ல, அது எதுக்குங்க?"

"அப்பத்தானுங்க அம்மணி ஓடறது தெரியும். முழுக்க ஒட்டினா சும்மா எரிஞ்சுட்டே..." என்று சொல்லி வந்தவன் வாயை மூடிக்கொண்டேன். அவர் எனக்கு ஒயர் சுற்றக் கைகொடுத்தார்.

வைகாசியில் போய்விட்டார். பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு அதே முன்சீட்டில் உட்கார்ந்து மலை இறங்கினார். எங்கெங்கோ வாசிக்கிறார் என்று வீட்டுக்காரிக்கு எப்போதாவது போன் வரும். ஒருமுறை என்னிடமும் கொடுக்கச் சொல்லி, "இப்பெல்லாம் கொட்டுப் பொட்டியில மொதல்ல எல்லா லைட்டையும் போட்டுட்டுத்தானுங்க ஆரம்பிக்கறேன்" என்றார். அந்த முறையைக் கண்டுபிடித்தது யார் என்று சேந்தமங்கலம் கடைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நான் சொல்லியிருக்கிறேன்.

எதையும் பெட்டியில் சேமித்து வைக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அன்றைய கச்சேரியில் மிச்சம் இருப்பது என் மகன் போனில் எடுத்த ஒரு வீடியோதான். அதில் அந்த அம்மா தெரியமாட்டார். முழுக்க என் முதுகு, புதுச் சட்டையில் கம்பெனிக்காரன் ஒட்டிய தாள்கூட எடுக்காமல். பிறகு அந்தப் பாறை மெஷின், ஆட்டுக் கத்தல், ஓடட்டும் கண்ணு என்று ஒரு குரல், அப்புறம் மழை. வீட்டுக்கு யார் வந்தாலும் ஸ்பீக்கரில் மாட்டிப் போட்டுக் காட்டுவேன். எங்கே என் பங்கு ஆரம்பிக்கிறது என்று கையால் காட்டுவேன்.

"ஆரம்பிச்சுட்டாரு வித்துவான்" என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும்.

அப்புறம் மழை வரும். அது என்ன மழை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் இந்த மலையில் கிடையாது. ஆனாலும் அந்தச் சடசடப்புக் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, ஒருதரம் களத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.